பௌர்ணமிக்கு எடுத்து வைத்த கல்யாண வீடியோ

கோரமண்டல்,
கோலார் தங்க வயல்.
4-6-2025

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. நமோ புத்தாய, ஜெய்பீம். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சமைத்ததைச் சாப்பிடுகிறோம், படுத்தால் தூக்கம் வருகிறது, இந்த வயசுக்கு இதற்கு மேல் ஒரு சுகம் இருந்தால் அது யார் வீட்டில் இருக்கிறதோ தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளை கிரணும் அந்த வெளிநாட்டுக் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தருக்கொருத்தர் முகம் கோணாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து ஐயோ அப்பாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சு என்று பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் நான் எதை எழுதி அனுப்பினாலும் அம்மா கண்ணில் படும், பேசலாம் என்றாலோ, இப்போது போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன், வீட்டில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள். சொல்ல வேண்டியது அவள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராத விஷயம். அதனால்தான் டியூட்டியில் கேட் ரூமில் உட்கார்ந்து, பழைய விசிட்டர் நோட்டில் காலியாக இருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். நடுவில் கார் வந்தால் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு வந்து தொடர்வேன், அங்கங்கே அறுந்து போயிருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளந்துவிட்டது, தகரக் கூரைக்குக் கீழே மதியம் உட்கார முடியவில்லை, அம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சமைக்கிறாள். இப்போது நாலு நாளாக மழை பிடித்திருக்கிறது, உடனே கூரை பழைய இடத்திலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது, நீ பள்ளிக்கூடப் பையை மாட்டுவாயே அந்த ஆணிக்கு நேர் மேலே. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அம்மாவுக்கு இடது முட்டி வீங்கி வடிந்து வீங்குகிறது, நீ அனுப்பிய களிம்பைத் தடவு என்றால் தீர்ந்துபோகும் என்று மிச்சம் பிடிக்கிறாள், மருந்தை மிச்சம் பிடித்து என்ன செய்வாளோ. எனக்கு விடியற்காலை ரயில், நின்றுகொண்டே பெங்களூர், பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி, திரும்ப நின்றுகொண்டே வீடு. மாலூரிலிருந்து பங்காரப்பேட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கப் பழகிவிட்டேன். அறுபத்திரண்டு நடக்கிறது எனக்கு. சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட ஷிப்ட் முடிந்தால் பத்து நிமிஷத்தில் வீட்டில் இருப்பேன். சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்த புலம்பல்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஒழுகுகிற கூரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ கடைசியாகப் பேசியபோது, அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல மனசு இல்லப்பா, நான் அவளைப் பத்திப் பேசினதைக் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லல, இனிமே நான் கேக்கவும் மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் பொம்மை வருகிறது, வேறு ஒன்றும் இல்லை. நீ கோபப்பட்டதில் தப்பில்லை. முதலில் மாப்பிள்ளை வீட்டார் நாக்பூர்க்காரர்கள், நீ இருக்கிற ஊரிலேயே குடியேறினவர்கள் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தது உண்மை, அவங்களோட நான் இன்னா பாஷையில பேசுவேன் என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் நீ நினைப்பது அது இல்லை கண்ணு. அம்மா உன் கல்யாணத்தைப் பார்க்கவே இல்லை. நீ மேடையில் அவளைப் பற்றிப் பேசியதில் ஒரு எழுத்துகூட அவள் காதில் விழவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்தோம் என்று உன்னிடம் சொன்னது பொய். சொன்னது நான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்யாணத்தை நெட்டில் நேரடியாகப் போட்ட நேரம் உனக்குக் காலை பதினோரு மணி, இங்கே மூன்றரை. வீட்டுக்குள் நெட் வராது என்பது தெரிந்ததுதானே, அதனால் இரண்டு மணிக்கே சைனைட் மேட்டு ஓரம் போய்விட்டோம், நம் லைன் வீடுகளில் யார் யாருக்கு வீடியோ பேச வேண்டும் என்றாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அம்மா நீ வாங்கிக் கொடுத்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, போன் மேல் வெயில் படக்கூடாது என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அடித்து, தங்கம் எடுத்து மிஞ்சின மண்ணின் அந்த வெள்ளைப் புழுதி அவள் தலை முழுக்க. விகாரை வாசல் தெரிந்தது, உன் முகம் பாதி தெரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. பிறகு வட்டம் சுற்றியது. புத்தம் சரணம் என்று பிக்கு பந்தேஜியின் குரல் ஒருமுறை வந்தது, கச்சாமி வரவில்லை. அம்மா அந்தக் கச்சாமியைத் தானே சொல்லி முடித்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மேட்டில் ஏறினேன், இறங்கினேன், போனைத் தலைக்கு மேல் தூக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. அவள் குடையை மட்டும் இறக்கவே இல்லை.

முடிந்ததும் நீ போன் பண்ணினாய். பின்னால் மேளமும் சிரிப்பும் கேட்டது, அப்பா பாத்தீங்களா, நான் பேசினது கேட்டுச்சா, அம்மா அழுதாளா என்று மூச்சு விடாமல் கேட்டாய். அவ்வளவு சந்தோஷமாக உன் குரலை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. எங்களுக்கு விசா கிடைக்காமல் போனதற்கே நீ பத்து நாள் அழுதவள். அந்த நேரத்தில் இல்லம்மா, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாத்தோம்மா, கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே அங்கே குழி வெட்டி இறங்கிவிடலாம் போல இருந்தது. போனை வாங்கினாள், நல்லா இருடி என்று ஒரு வார்த்தை சொன்னாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பொய் வராது, அது உனக்கே தெரியும். புருஷனைப் பொய்யன் என்று பெண்ணிடம் சொல்லவும் வராது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அதைத்தான் நீ கோபம் என்று நினைத்துவிட்டாய்.

மறுநாள் டென்னிஸிடம் சொன்னேன். டென்னிஸ் என்றால் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவானே, சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டி ஷாப்டில் ஆளும் கல்லும் போகிற கேஜை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், இப்போது என்னோடு இதே கேட்டில் டியூட்டி. அவன்தான் இதுக்கு இன்னாத்துக்குடா அழுவற, டவுன்லோடு பண்ணிக்கினு போ, நெட்டே இல்லாம வீட்ல குந்திகினு பாக்கலாம் என்றான். நெட்டில் அப்படியே இருந்த அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு அம்புக்குறி, அதை அழுத்தினால் இறங்கும் என்று காட்டிக் கொடுத்தான். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வைஃபை அரை மணி நேரம் இலவசம், அதற்குள் இரண்டே கால் மணி நேரக் கல்யாணம் எங்கே இறங்கும். மூன்று நாள் ஆனது. டியூட்டி முடிந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண் முன்னாலேயே வீட்டுக்கு வர வேண்டிய மாரிக்குப்பம் வண்டி போயிற்று, போகட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் முழுசும் இறங்கி டிக் அடித்தது. சரியாக வந்திருக்கிறதா பார்ப்போம் என்று திறந்தேன், நீ விகாரை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய், உடனே நிறுத்திவிட்டேன். உங்க அம்மா ஜானகி பார்க்காமல் நான் மட்டும் பார்த்தால் அது திருட்டு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்த வண்டியிலேயே நின்றபடி பார்த்திருந்தால் நீ பேசியதையாவது அவளிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து போனைக் கையில் கொடுத்து, இந்தா உன் பொண்ணு கல்யாணம், உக்காந்து பாரு என்றேன். அம்மா பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணத்தை இன்னா சினிமா மாதிரி ரெண்டு பேரும் குந்திகினு பாக்கறது, லைன் ஜனத்துக்கு ஒரு வாய் சோறு போடாம நான் என் பொண்ணு கல்யாணத்தைப் பாக்க மாட்டேன் என்றாள். உனக்குத் தெரியாததா, நம் லைனில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் முப்பது வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. புத்த பூர்ணிமைக்கு எல்லோரும் நம் விகாரைக்கு எப்படியும் வருவார்கள், வந்தனம் முடிந்ததும் அங்கேயே டி.வி.யில் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்த்து, சாப்பாடு போட்டு அனுப்பலாம், அதற்குப் பிறகு உன்னிடம் மணிக்கணக்காகப் பேசுவேன் என்று அவளே நாள் குறித்தாள். மூன்று வாரம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அதற்கு நடுவில்தான் நீ கூப்பிட்டாய், நான் வண்டியில் இருந்தேன், நன்றாகவே கேட்டது, நெட்வொர்க் மேல் பழி போட மாட்டேன். அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ தெரியாதவர்கள் அசிங்கமாக எழுதுகிறார்கள், நம்ம ஜனத்தைப் பற்றியும் உன் நிறத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள், மாமியார் மனசு கஷ்டப்படுகிறார்கள், எடுத்துவிடலாமா, நீங்களும் அம்மாவும்தான் பார்த்துவிட்டீர்களே என்று கேட்டாய். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது இரண்டாவது சந்தர்ப்பம். எனக்கோ இறக்கி வைத்தது பத்திரமாக நம் போனில் இருக்கிறது என்ற தைரியம். டென்னிஸிடமும் கேட்டேன், அவங்க அங்க அழிச்சிட்டா நம்மகிட்ட இருக்கிறது போயிடுமாடா என்று. ஒருவாட்டி கேஜ்ல ஏத்தி மேல கொண்டாந்த கல்லை எவன்டா திருப்பி உள்ள அனுப்புவான், வந்தது வந்ததுதான் என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, நானும் பதினேழு வருஷம் கீழே கல் அள்ளி மேலே அனுப்பியவன்தானே. எடுத்துடும்மா, நாங்கதான் பாத்தாச்சே என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். ஆக, உன் கல்யாணத்தை அழிக்கச் சொன்னது உன் அப்பன்தான்.

பூர்ணிமை அன்றைக்கு லீவு போட்டேன். அம்மா விடியற்காலை எழுந்து எலுமிச்சை சாதம், வடை, ஒரு அண்டா பாயசம், முட்டி வலியோடு ஒற்றை ஆளாக, யாரையும் கிட்டே விடவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தாள், அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ராஜப்பா இருமிக்கொண்டே அவர் வீட்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வந்தார், டென்னிஸ் சர்ச்சுக்குப் போகிறவன், அவனும் ஒரு ஒயரை எடுத்துக்கொண்டு வந்து போனை டி.வி.யோடு மாட்டினான். பஞ்சசீலம் சொல்லி முடித்து, நான் வீடியோவை அழுத்தினால், ஒருமுறை நெட்டில் சேருங்கள், அப்புறம்தான் ஓடும் என்று அதில் எழுதி வருகிறது. சரி என்று போனைப் பிடுங்கிக்கொண்டு மேட்டு ஓரம் ஓடினேன். இந்த வயசில் ஓடினேன். நெட் வந்தது. வந்ததும் உன் படம் இருந்த இடம் சாம்பல் நிறமாகப் போய், இந்த வீடியோ இப்போது இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்த அம்புக்குறி வீடியோவை நம் கையில் கொடுப்பதில்லையாம், பார்த்துக்கொள்ள அனுமதி மட்டும்தான் கொடுக்குமாம், போட்டவர்கள் எடுத்துவிட்டால் நம்மிடம் இருப்பதும் போய்விடுமாம். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. நான் திரும்பி வந்ததும் டென்னிஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான், பாவம், அவனைச் சொல்லி என்ன பயன்.

அறுபது எழுபது பேர் டி.வி.யையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாசலில் நிற்கிறேன். அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள், எழுந்தாள், மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க, வீடியோ எங்க ஓடிடப் போவுது என்று சொல்லி இலையைப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொருத்தர் இலைக்கும் குனிந்து குனிந்து அவளே பரிமாறினாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் இல்லை என்பார்களே, எனக்கு அன்றைக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், என் பொண்ணு கல்யாணத்துக்குச் சோறு போட்டுட்டேன், கல்யாணத்தைத்தான் பாக்கல என்று. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலாமாக இருந்திருக்கும். நெட்வொர்க் சரியில்லை, அதனால் அழிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எடுக்கச் சொன்னது தெரியாது.

இப்போது மூன்று வாரமாக ஒரே கேள்வி. நான் சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறாள், ஷர்ட்டைக் கழற்றினால் கேட்கிறாள். நீங்க ஒரு செகண்டு பாத்தீங்களே, அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு, என்னைப் பத்திப் பேசினாளாமே, இன்னா பேசியிருப்பா என்று. செருப்பு கழட்டிகினு இருந்தா என்று நானும் அதையே சொல்கிறேன். நல்லதா சொல்லியிருப்பாளா, இல்ல சின்ன வயசுல அடிச்சதைச் சொல்லியிருப்பாளா என்று நேற்று கேட்டாள். தென்றலு, உங்க அம்மா நாற்பது வருஷத்தில் என்னிடம் ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறாள், என்னிடம் அது இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

வீடியோவை நீ அடியோடு அழித்துவிட்டாயா, மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா எனக்குத் தெரியாது. இருந்தால் பென்டிரைவில் போட்டு யாராவது பெங்களூர் வரும்போது கொடுத்தனுப்பு, அதற்கு அவசரமில்லை, திரும்ப நெட்டில் ஏற்றி அந்த நாய்கள் கண்ணில் போட வேண்டாம். அவசரம் வேறு. நீ அன்றைக்கு மேடையில் அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, அதை அவளிடம் போனில் சொல்லு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், அறுந்துபோகும், கொஞ்சம் செலவானாலும் நேராக நம்பருக்குப் போடு, சமையல்கட்டு ஜன்னல் ஓரம் நின்றால் பேச்சு நன்றாகக் கேட்கிறது. இத்தனை நாள் போனை நான் பெங்களூருக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போனதால் பகலில் நீ எப்போது கூப்பிட்டாலும் வண்டியிலோ கேட்டிலோ நான்தான் எடுத்தேன், நான்தான் பேசினேன், அவளுக்காகவும் நானே பதில் சொன்னேன். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். எனக்கு ஏதாவது என்றால் டென்னிஸ் போன் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் எடுக்கச் சொன்னதையும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். திட்டுவாள். இந்த வயசில் திட்டு வாங்கினால் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்லு, அவங்க அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லு. தொடர்ந்து நைட் டியூட்டி வாங்காதே, வார்டில் மற்றவர்களைப் பார்க்கிறேன் என்று உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை. பகவான் புத்தரும் பாபாசாகேப்பும் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழுங்கள். நேரத்தை மட்டும் மறக்காதே, உனக்குக் காலை எட்டு மணி, இங்கே மதியம் பன்னிரண்டரை, அப்போது வீட்டில் அவள் தனியாக இருப்பாள், சோறு வடித்து முடித்திருப்பாள். எடுத்ததும் சாப்பிட்டியா, முட்டி எப்படி இருக்கு என்று ஆரம்பிக்காதே, அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அன்றைக்கு மேடையில் எப்படி ஆரம்பித்தாயோ அப்படியே ஆரம்பித்து, கடைசி வரைக்கும் சொல்லு. என்ன சொன்னாய் என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அவள் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தசாமி